எட்டுப் பவுனும் ஜாமெட்ரி பாக்ஸும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அத்தைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பவுனில் தாலிக்கொடி போட்டார்கள்.

2. ஐந்தாம் மாதம் அத்தைக்கு பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்தது. தயாரான மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் பிரிவு.

3. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று அந்தப் பிரிவின் சுவரில் எழுதியிருந்தது.

4. அத்தை தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, கொடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் வந்து போட்டுக்கொண்டு, கருமத்தம்பட்டியில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போனாள்.

5. கழற்றிய கொடி என்னுடைய பழைய ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

6. ஒரு வெள்ளிக்கிழமை நான் புது ஜாமெட்ரி பாக்ஸுக்குப் பதிலாகப் பழையதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

ஏழாவதிலிருந்து இப்படி எண் போட முடியவில்லை. முயன்று பார்த்தேன். ஒவ்வொரு வரிக்குள்ளும் நாலு பேர் நுழைந்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. அத்தை என் அப்பாவின் தங்கை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவள். சம்பந்தம் பேச வந்த அன்றைக்கே, படிப்பை வீட்டில் வைத்துப் பூட்ட முடியாது என்று என் அப்பாவை விட்டுச் சொல்லச் செய்தாள். மாப்பிள்ளையின் அம்மா இரண்டே நிபந்தனைகள் வைத்தார். "வேலைக்குப் போகட்டுங்க, நாங்க ஒண்ணும் சொல்லல. கழுத்துல தாலி இருக்கோணும். பொழுது எறங்கறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துபோடோணும்." இரண்டும் நியாயம்தான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். சுவரில் எழுதியிருந்த மூன்றாவது நிபந்தனை அப்போது யாருக்கும் தெரியாது.

ஆறு மாதம் பயிற்சி. அதற்குள் குறை எதுவும் வராவிட்டால் நிரந்தரம். அந்தப் பிரிவில் அதுவரை ஒரு பெண்கூட வேலை பார்த்ததில்லை. முதல் நாளே ஃபோர்மேன் அத்தையின் கழுத்தைப் பார்த்துவிட்டு, சுவரைக் காட்டியிருக்கிறார். மரியாதையாகத்தான் சொன்னாராம். "அது சாமி சமாச்சாரம்னு எனக்கும் தெரியுதுங்கம்மா. ஆனா கரண்டுக்குத் தெரியாதுங்களே. கழட்ட முடியாட்டி ஆபீஸ்ல டைப் அடிக்கற வேலைக்கு மாத்திவிடச் சொல்றேனுங்க."

அத்தைக்கு டைப் அடிக்கிற வேலை வேண்டாம். மோட்டார் சோதிக்கிற வேலைதான் வேண்டும். இதைத் தனியாக எழுதிவைக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்த அத்தனை பேச்சிலும் எல்லோரும் கொடியைப் பற்றியே பேசினார்கள். இந்த ஒன்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

காலை எட்டு மணிக்குக் கருமத்தம்பட்டிப் பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்கும். ஐந்து நிமிடத்தில் அத்தை எங்கள் உள்ளறையில் இருப்பாள். கைப்பையிலிருந்து மடித்த கர்ச்சீப்பை எடுப்பாள். அதற்குள் ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றின் நடுவில் ஒரு விரலி மஞ்சள் துண்டு. தங்கத்துக்கு வழியில்லாதபோது, அல்லது தாலி பழுதாகி ஆசாரியிடம் போயிருக்கும்போது, பெண்கள் கட்டிக்கொள்வது அதுதான். அத்தை முதலில் அந்தக் கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போடுவாள். அதன் பிறகுதான் கொடியைத் தலைவழியாக எடுப்பாள். மாலையில் இதற்கு நேரெதிர். கொடி கழுத்தில் விழுந்த பிறகே கயிற்றின் முடிச்சு அவிழும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருந்தது கிடையாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பை மாற்றுகிற சில சுவிட்ச்சுகள் இப்படித்தான் வேலை செய்யும். புதியது தொட்ட பிறகே பழையது விடும். பின்னாளில் கல்லூரியில் அதை நடத்தியபோது எனக்குப் படம் தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு இது எதுவும் சமாதானமாக இல்லை. அவள் அத்தைக்கு அண்ணி; எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்பார்கள்.

"வருசத்துல ஒருக்கா ஆடிப் பதினெட்டுக்கு மாத்தற கயித்த நீ தெனமும் ரெண்டு தடவ மாத்தறே அம்மணி. எந்த ஊர்ல இந்தக் கணக்கு?"

"மஞ்சளும் தாலிதானுங்க நங்கையா. உங்க கல்யாணத்துல மொத நாள் கயித்துலதான கட்டுனாங்க?"

"அப்ப அங்கியே கட்டிட்டு வர வேண்டியதுதான? இங்க வந்து எதுக்கு மாத்தறே?"

இதற்கு மட்டும் அத்தை பதில் சொன்னதே இல்லை. கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

வெள்ளிக்கிழமையாவது அந்த மஞ்சளை நனைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்வாள் அம்மா. அதற்கும் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் ஒயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் கருவியில் கயிற்றைக் கொடுத்துச் சோதித்திருக்கிறாள். காய்ந்த கயிறு தேறிவிட்டது. நனைந்த கயிறு தேறவில்லை. தாலிக்கயிற்றை மெஷினில் மாட்டிப் பார்த்தவள் என்று அம்மா அந்த வாரம் முழுவதும் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் யோசனைகள் வேறு மாதிரி. அவர் மில்லில் ஃபிட்டர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு ஒட்டு வேலை உண்டு. கொடியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டால் போதாதா? கொடி முழுக்கக் கறுப்பு டேப் சுற்றினால்? ஒயருக்கு மாட்டும் பிளாஸ்டிக் குழாயைக் கொடிக்கும் மாட்டிவிட்டால்? ஒரு நாள் அந்தக் குழாயில் இரண்டடி வெட்டிக்கொண்டே வந்துவிட்டார். எட்டுப் பவுன் கொடியைப் பச்சைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். தாலி மட்டும் வெளியே தொங்கியது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அம்மா என்னைப் படிக்கப் போகச் சொன்னாள்.

கொடியை எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. பீரோவில் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பழி அவள்மேல் வரும். சாமி அலமாரியில் வைக்கவும் கூடாது. சாமி பார்க்கும். கடைசியில் என் புத்தக அலமாரியின் மேல்தட்டில், மூடி துருப்பிடித்து, காம்பஸ் உடைந்துபோன என் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. யாருடைய பழியும் சேராத இடம் வீட்டில் அது ஒன்றுதான். ஆறாம் வகுப்புக்கு எனக்குப் புது பாக்ஸ் வாங்கியிருந்தார்கள். அதே கம்பெனி, அதே மஞ்சள் தகரம், மூடியில் அதே படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் துரு ஒன்றுதான் வித்தியாசம். இன்றைக்கு யாராவது இப்படி ஒரு ஏற்பாட்டை என்னிடம் காட்டினால், இது தவறப்போவது உறுதி, எந்த நாள் என்பதுதான் தெரியாது என்று எழுதிக் கொடுப்பேன்.

அந்த நாள் புரட்டாசியில் வந்தது. காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் கணக்கு டெஸ்ட். வட்டம் வரையச் சொன்னார்கள். நான் பாக்ஸைத் திறந்தேன். பாகைமானி இருக்க வேண்டிய இடத்தில் தாலி இருந்தது.

மூடியிருக்கலாம். பக்கத்துப் பெண்ணிடம் காம்பஸ் இரவல் கேட்டிருக்கலாம். நான் திறந்த பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். கணக்கு டீச்சர் வந்து பார்த்தார். அவருடைய கை தானாகத் தன் கழுத்துக்குப் போய் அங்கே இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

"யாருது இது?"

"எங்க அத்தையுதுங்க டீச்சர். கம்பெனிக்குப் போறப்பக் கழட்டி வெச்சிட்டு, சாயங்காலம் போட்டுக்குவாங்க. கயித்துல மஞ்சக் கட்டியிருப்பாங்க. ஈரமா இருந்தா கரண்ட் எடுக்கும்னு காய வெச்சுத்தான் கட்டுவாங்க."

கேட்ட கேள்விக்கு ஒரு வரி போதும். நான் நான்கு வரி சொன்னேன். எல்லாம் உண்மை.

டீச்சர் பாக்ஸைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனார். தலைமையாசிரியை அதைத் தன் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பெரியவர்கள் யாராவது நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு மிச்ச டெஸ்ட்டை எழுதினேன். இரவல் காம்பஸில் வட்டம் நன்றாகவே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மாவு அரைக்கப் போயிருந்தாள். சீட்டைக் கொடுக்க ஆள் இல்லை. அவளும் அத்தையும் ஒன்றாகத்தான் உள்ளே வந்தார்கள், ஐந்தேகால் மணிக்கு. அத்தை கையை நீட்டினாள். நான் சீட்டைக் கொடுத்தேன்.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, உட்காராமல் அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். கேட் பூட்டியிருந்தது. தலைமையாசிரியை ஊருக்குக் கிளம்பிவிட்டார். இனி திங்கட்கிழமைதான் என்றார் வாட்ச்மேன். அப்பா திரும்பி வந்தபோது ஆறு மணி. பொழுது இறங்குவதற்குள் என்ற நிபந்தனையும் கிட்டத்தட்டப் போய்விட்டது.

அடுத்த கால் மணி நேரத்தில் எங்கள் கூடத்தில் முன்வைக்கப்பட்ட யோசனைகள்: அம்மாவின் கொடியைப் போட்டுக்கொண்டு போவது (அம்மாவுடையது முறுக்குக் கொடி, அத்தையுடையது பட்டை. போதாக்குறைக்கு, அம்மாவின் கழுத்துக்கு என்ன செய்வது?). பேன்சி ஸ்டோரில் ஒரு கவரிங் கொடி வாங்குவது. அத்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. பட்டுச் சேலையைக் கொடுத்து, கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு போகச் சொல்வது. புரட்டாசிப் புழுக்கத்தில்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டாள். கோபப்படவில்லை. சலித்துப்போயிருந்தாள்.

"விடுங்க நங்கையா. மறைச்சு மறைச்சு எனக்கே அலுத்துப்போச்சு. இப்படியே போறேன். வேலையை விடுன்னு சொன்னா, சொல்லட்டும்."

"சொன்னா விட்டுபோடுவியா?" என்றார் அப்பா.

அத்தை செருப்பைப் போட்டாள். நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"நானும் வாரேன்" என்று அப்பா சட்டையை மாட்டினார்.

"இவளையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள் அம்மா, என்னைக் காட்டி. "இவ வாயாலதான வந்துச்சு. அங்கயும் இவளே சொல்லட்டும்."

பேருந்தில் நின்றுகொண்டேதான் போனோம். அத்தை ஒரு கையால் மேல்கம்பியையும் மறு கையால் என் தோளையும் பிடித்திருந்தாள். வழியில் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அத்தை வீட்டோடு சேர்ந்தே தறிக்கூடம். பன்னிரண்டு விசைத்தறிகள். தெருமுனையிலேயே சத்தம் கேட்கும். வீட்டுக்குள் போய்விட்டால் உதட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நாங்கள் போனபோது மாமா ஒரு தறியில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். அவருக்கும் அபிப்பிராயங்கள் உண்டு, ஆனால் தன் அம்மா சொன்ன பிறகுதான் அவை வெளியே வரும். அவருடைய அம்மா, அதாவது அத்தையின் மாமியார், கடைசித் தறியிடமிருந்து வந்தார். ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. தாலிக்கொடியை முன்னால் விடாமல் முதுகுப்பக்கம் தள்ளி, ரவிக்கையோடு ஊக்குக் குத்தியிருந்தார். அவர் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தேன். தாலி முதுகில் தொங்கியது. கொடியைப் பின்பக்கம் போடுவது இந்த ஊர் ஸ்டைல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அத்தையின் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் அப்பாவை. அப்புறம் என்னை. மாமாவிடம் கையைக் காட்டினார். மாமா ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதும் நின்றது. சாப்பாட்டு நேரத்தில்கூட நிற்காத தறிகள். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா ஆரம்பித்தார். "ஏனுங்க, தப்பா நெனைக்கக் கூடாது, அது வந்துங்க…"

"நீங்க இருங்க தம்பி. புள்ளை சொல்லட்டும். நீ சொல்லு கண்ணு."

நான் சொன்னேன். மேலே எழுதியிருக்கிற அதே வரிசையில், கிட்டத்தட்ட அதே எண்களோடு. எதையும் விடவில்லை. பச்சைக் குழாயைக்கூட.

"எத்தன நாளா நடக்குது இது?"

"நாலு மாசமாங்க."

"நாலு மாசமாவா." அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "எங்கூட்டுக் கொடி நாலு மாசமா உங்கூட்டு டப்பாவுலயா கெடந்துச்சு?"

அப்பா எதையெதையோ எதிர்பார்த்து வந்திருந்தார். இதை எதிர்பார்க்கவில்லை. "இல்லீங்க, பத்திரமாத்தானுங்க…"

"அந்த டப்பாவுக்குப் பூட்டு இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன் நான். என்னைக் கேட்கவில்லைதான்.

"பூட்டு இல்லாத டப்பா. எட்டுப் பவுன். எங்க மாமியா எனக்குப் போட்ட அட்டிகையை அழிச்சுச் செஞ்ச கொடி. ஏனுங்க தம்பி, எங்கூட்டுல பீரோ இல்லீங்களா? இல்ல நாங்க மனுசங்க இல்லீங்களா?"

அத்தை குறுக்கே பேசினாள். நானூற்றுப் பதினைந்து வோல்ட், பேனல், ஈரக் கை, உலோகம் என்று மாமியாருக்கு விளக்கத் தொடங்கினாள். நாலு மாதமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சு என்பது கேட்கும்போதே தெரிந்தது. மாமியார் பாதியில் கையை உதறினார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு. திங்கக்கெழமை நானே பள்ளிக்கூடத்துக்கு வாரேன். நீங்க சோறு உண்டுட்டுத்தான் போகோணும்."

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. நாங்கள் சாப்பிட்டோம். வேலையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவள் கம்பெனிக்குச் சனிக்கிழமையும் உண்டு. அம்மா எட்டேகால் வரை வாசலைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது போ" என்றாள்.

திங்கட்கிழமை மூன்றாம் பீரியடில் தலைமையாசிரியையின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அத்தையின் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமா நின்றுகொண்டிருந்தார். மாமியார் தலையிலிருந்த பஞ்சையெல்லாம் எடுத்துவிட்டுப் பட்டுக்கரைச் சேலையில் வந்திருந்தார். கொடி முன்பக்கம் இருந்தது. ரிஜிஸ்டரில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கொடியை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு துணியில் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"இனி இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார், பொதுவாக.

காலி பாக்ஸை என்னிடம் கொடுத்தார்கள். நான் "அத்தை வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்க வாயெடுத்தேன். என் வாயைப் பற்றி அம்மா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து, கேட்காமல் வகுப்புக்குத் திரும்பினேன். இந்தக் கதையில் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

செவ்வாய், புதன். எட்டு மணிப் பேருந்து வந்தது, போனது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. நான் புது ஜாமெட்ரி பாக்ஸையும் எடுத்துப் போகவில்லை. காம்பஸ் இல்லாமல் வட்டம் வரைந்து ஒரு மார்க் போனது. அது எனக்குச் சரியான தண்டனையாகப் பட்டது. அப்பா இரண்டு தடவை கருமத்தம்பட்டிக்குக் கிளம்பி, போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு தடவையும் சட்டையைக் கழற்றினார்.

வியாழக்கிழமை மாலை அப்பா சைக்கிளில் வந்துகொண்டிருக்கும்போது, கம்பெனிக்கு எதிர்ப்பக்க நிறுத்தத்தில் அத்தை பேருந்துக்கு நின்றிருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கையில் டிபன் பாக்ஸ்.

"வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கறயா?"

"ஆமாங்ணா. வேற எங்க போறேன்?"

சனிக்கிழமையிலிருந்தே போய்க்கொண்டிருந்தாளாம். கருமத்தம்பட்டியிலிருந்தே கயிற்றோடு. கொடிதான் அங்கே இருக்கிறதே, எங்கள் வீட்டுக்கு எதற்கு வர வேண்டும்? இதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா ஆறு நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஒரு சொல்லு சொல்லியனுப்பறதுக்கு என்ன கேடு" என்று திட்டிக்கொண்டே இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

"மாப்பளையோட அம்மா என்னதான் சொன்னாங்களாம்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலயாம். சனிக்கெழமை காலைல, கயித்துல கட்டியிருந்த மஞ்சத்துண்டு சின்னதா இருக்குதுன்னு வேற பெருசா எடுத்துக் குடுத்தாங்களாம்."

காலாண்டு விடுமுறைக்கு அத்தை என்னைக் கருமத்தம்பட்டிக்குக் கூட்டிப்போனாள். அத்தை கம்பெனிக்குப் போனதும் எனக்கு அங்கே வேலையில்லை. நூல் கண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மதியம் எதிர்வீட்டு அம்மா வந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, மருமவ கழுத்துல வெறுங்கயிறா இருக்குதுங்களே. கொடி எங்கீங்க?"

அத்தையின் மாமியார் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த தார்க்குச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆசாரிகிட்டக் குடுத்திருக்குதுங்க. கண்ணி விட்டுப்போச்சு."

நான் நிமிர்ந்தேன். கொடி உள்ளே பீரோவின் இரண்டாவது தட்டில் இருப்பதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். "பீரோவுலதா…" என்று ஆரம்பித்தேன். அவர் பக்கத்திலிருந்த தட்டிலிருந்து ஒரு முழு முறுக்கை எடுத்து என் வாயில் வைத்தார். உடைத்துக்கூடக் கொடுக்கவில்லை.

"போன வாரமும் ஆசாரிகிட்டன்னு கேட்ட மாதிரி இருந்துதுங்க" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"என்னங்க பண்றது. அவன் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. பாவம், தொந்தரவு பண்ண முடியுதுங்களா."

எனக்குப் பயங்கரமான எரிச்சல். மறைத்ததற்காக எங்கள் அப்பாவை நிற்க வைத்துக் கேட்டவர் இவர். பன்னிரண்டு தறிகளை நிறுத்திவிட்டுக் கேட்டவர். இப்போது முறுக்கைக் கொடுத்துவிட்டுப் பச்சைப் பொய் சொல்கிறார். பெரியவர்களின் விதிகளை ஒரு தாளில் எழுதினால் ஒன்று இன்னொன்றை அடித்துவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் பெரிதாக மாறவில்லை.

அந்த ஆசாரி அதற்குப் பிறகு பல வருடங்கள் வாழ்ந்தார். நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி இருக்கும். அவருக்கு நாலு குழந்தைகள் பிறந்தன. ஒரு தடவை கண் ஆபரேஷன் ஆனது. ஒரு தடவை ஏரியூரிலோ எங்கேயோ ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்து கைநிறைய வேலையாகிவிட்டது. கல்யாணம் காட்சிக்கு மட்டும் கொடியை ஒரு நாளைக்குத் திருப்பிக் கொடுப்பார், மறுநாளே வாங்கிக்கொள்வார். அப்படி ஒரு ஆசாரியே கிடையாது என்று தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். கேட்பதும் நிற்கவில்லை, பதிலும் நிற்கவில்லை.

எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. கல்லூரி இரண்டாம் வருடம், ஒரு தொழிற்சாலையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் போகும் முன் பெண்கள் எல்லோரும் துப்பட்டாவைப் பின்னால் கட்டி, சங்கிலியை உள்ளே விட்டு ஊக்குக் குத்தச் சொன்னார்கள். நான் ஊக்கைக் குத்திக்கொண்டே அப்படியே நின்றேன். முதுகில் தொங்கிய அந்தத் தாலி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மெஷினுக்கும் கழுத்துக்கும் நடுவில் கொடி இருக்கக் கூடாது என்பதை அவரிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபது முப்பது வருடமாக, தறிக்குள் நுழையும்போது பின்னால் தள்ளி, வெளியே வரும்போது முன்னால் இழுத்து விட்டுக்கொண்டிருந்தவர் அவர். தினமும், அத்தையை விட அதிகத் தடவை. அத்தை சொல்லியிருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும். அத்தை சொல்லவில்லை. அவரும், தனக்குத் தெரியும் என்று இன்று வரைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக டப்பாவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் நாலு பேர் நாலு மாதம் டேப்பும் குழாயுமாக அலைந்தோம். மறைக்க வேண்டியதுதான், ஆனால் அதை அவர் வீட்டில், அவர் பீரோவில், அவர் பொய்யோடு மறைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் ஒரே வாக்கியத்தில் சொல்வதில்லை.

இப்போதைய நிலவரம்.

அத்தை அந்தச் சோதனைப் பிரிவுக்கே பொறுப்பாளர். சுவரில் எழுதியிருந்ததை அழித்து, அதே வாசகத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுத வைத்திருக்கிறாள். கழுத்தில் கயிறுதான். கொடி மாமியாரின் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. பாதித் தறிகளை விற்றுவிட்டார்கள். ஆசாரி சௌக்கியம்.

எனக்கு ஆவணியில் கல்யாணம். கொடி ஒன்பது பவுன் என்று பேசி முடித்திருக்கிறார்கள். பட்டையா முறுக்கா என்பதில் அம்மாவுக்கும் வருங்கால மாமியாருக்கும் மூன்று வாரமாகத் தொலைபேசியில் பேச்சு நடக்கிறது. ஒரு முறை போட்டால் கழற்றவே கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. நான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். அந்த அறைக்குள் ஊக்குகூடக் கொண்டுபோக முடியாது. மாப்பிள்ளைக்குத் தெரியும். அவருடைய அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்கக் கருமத்தம்பட்டிக்குப் போனோம். அத்தையின் மாமியார் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, அம்மா உள்ளே போயிருந்த நேரம் பார்த்து, "ஆசாரி வேணும்னா சொல்லு கண்ணு" என்றார்.

என் வருங்கால மாமியார் வீட்டில் எத்தனை பீரோ என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை. இந்த வாரம் போய் என் வேலையைப் பற்றி அவரிடம் நேரில் சொல்வதாக இருக்கிறேன்.